தியேட்டரிலிருந்து வந்த நோயாளி: முதல் சில மணி நேரம் எப்படிப் பார்ப்பது

ஆபரேஷன் முடிந்து நோயாளி வார்டுக்கு வந்ததும் பலருடைய கை முதலில் பிபி கஃப்புக்குத்தான் போகும். அதற்கு முன்னால் முகத்தைப் பாருங்கள், கூப்பிட்டுப் பேச வையுங்கள். தெளிவாக முழு வாக்கியத்தில் பதில் வந்தால், மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது என்று ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். குறட்டை கேட்டால் நன்றாகத் தூங்குகிறார் என்று விட்டுவிடாதீர்கள், நாக்கு பின்னால் சரிந்து பாதையை அடைத்துக்கொண்டிருக்கலாம். தாடையை முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டே உதவிக்குக் கூப்பிடுங்கள்.

அடையாளம் பார்க்கும்போது "நீங்கள்தானே இன்னார்?" என்று கேட்காதீர்கள், அரை மயக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, கைப்பட்டையில் இருக்கும் பெயரோடும் எண்ணோடும் ஒப்பிடுங்கள். கட்டில் எண் அடையாளமே இல்லை.

மூச்சை முழுதாக 1 நிமிடம் எண்ணுங்கள். பார்க்காமலே 18 என்று எழுதும் பழக்கம் உண்மையிலேயே ஆபத்தானது. மார்ஃபின் போன்ற வலி மருந்து போட்டவருக்கு மூச்சு குறைவதற்கு முன்பே தூக்கக் கலக்கம் கூடும், பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் சாச்சுரேஷன் (ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு) நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும், அதை மட்டும் நம்ப முடியாது.

இனி ரத்தக்கசிவு. இதில்தான் நேரம் அதிகம் போக வேண்டும். உடலில் உள்ள ரத்தத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம் போகும் வரைக்கும்கூட மேல் பிபி பெரிதாக இறங்காமல் இருக்கலாம், ஏனென்றால் ரத்தக்குழாய்கள் சுருங்கி, இதயம் வேகமாக அடித்து அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. அதனால் பிபி விழுந்த பிறகு ஓடினால் தாமதம்தான். அதற்கு முன்பே பல்ஸ் ஏறும், கை கால் சில்லிடும், சிறுநீர் குறையும் (மணிக்கு ஒரு கிலோ எடைக்கு 0.5 மில்லி, அதாவது 60 கிலோ ஆளுக்கு 30 மில்லிக்குக் கீழே போனால் சொல்லியே ஆக வேண்டும்), நோயாளி காரணமில்லாமல் புரண்டு புரண்டு படுப்பார். அந்தத் தவிப்பை வலி என்று நினைத்து ஊசி போட்டுவிடாதீர்கள், முதலில் ஆக்சிஜனையும் பல்ஸையும் பாருங்கள். டிரெஸ்ஸிங் மேலே காய்ந்திருந்தாலும் முதுகுக்குக் கீழே கை விட்டுப் பாருங்கள், ரத்தம் வழிந்து அங்கேதான் தேங்கும். கறையின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதினால், அது பரவுகிறதா என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. டிரெயினில் (ஆபரேஷன் செய்த இடத்தில் தேங்கும் ரத்தத்தையும் நீரையும் வெளியே எடுக்கும் குழாயில்) ஒன்றுமே வரவில்லையா? குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் முறை எழுப்பும்போது அவசரம் வேண்டாம், காலைத் தொங்கவிட்டுச் சில நிமிடம் உட்கார வைத்து, தலைசுற்றல் இல்லை என்றால் மட்டும் பிடித்து நிற்க வையுங்கள். கெண்டைக்காலில் வலியோ வீக்கமோ என்றால் தேய்த்துவிடாதீர்கள், உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் கட்டி நகர்ந்துவிடலாம்.

டூட்டி டாக்டருக்குப் போன் செய்யும்போது "சார், பேஷன்ட் சரியில்லை" என்று சொன்னால் போதாது. யார், என்ன ஆபரேஷன், ஒரு மணி நேரம் முன்பு பல்ஸ் எவ்வளவு, இப்போது எவ்வளவு, உங்களுக்கு என்ன சந்தேகம், அவர் உடனே வர வேண்டுமா என்பதைச் சொல்லுங்கள். அவர் சொல்லும் மருந்தையும் அளவையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டு நேரத்தோடு எழுதுங்கள். வரத் தாமதமானால், யாரும் கோபப்படுவார்களோ என்று யோசிக்காமல் அவருக்கு மேலே இருப்பவரைக் கூப்பிடுங்கள்.