உள்ளறைச் செடிகளின் நுனி கருகுதல்: சாடியிலுள்ள உப்பைக் கழுவும் முறை

கல்லடி, காத்தான்குடி, கல்முனை போன்ற கிழக்கிலங்கையின் கரையோர மணற்பாங்கான ஊர்களில், வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளின் இலை நுனி மண்ணிறமாகக் கருகினால், உரக்குறைவையோ நோயையோ சந்தேகிப்பதற்கு முன் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். இங்குள்ள பல கிணறுகளின் நீர் சற்றே உவர்ப்பானது. முற்றத்துச் செடியின் மண்ணை மாரி மழை கழுவிவிடும். உள்ளறைச் சாடியிலோ நீர் ஆவியாகிப் போக, அதிலிருந்த உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. என் வீட்டு ஸ்பைடர் பிளாண்ட் தேறியது பின்வரும் முறையினால்தான்.

முதலில் சாடிக் கலவை. இரண்டு பங்கு தும்புத்தூள், ஒரு பங்கு கூட்டெரு, ஒரு பங்கு உமிக்கரி போதும். நெல் ஆலைகள் நிறைந்த அம்பாறைப் பக்கத்தில் உமிக்குப் பஞ்சமில்லை. தேங்காய் மட்டையை உவர்நீரில் ஊறவைத்துத் தும்பெடுத்த இடத்துத் தூளில் உப்பு மிகுதியாக இருக்கும் என்பதால், அதை வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, நீரை மாற்றி இரண்டு மூன்று தடவை அலசிய பின்பே கலக்க வேண்டும். சாடியின் அடியில் துளை இருப்பது கட்டாயம்.

அடுத்தது கழுவுதல். இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். மண்ணின் மேற்பரப்பிலும் சாடி விளிம்பிலும் படிந்த வெண்பொருக்கை முதலில் சுரண்டி எடுத்துவிடுங்கள். சுரண்டாமல் நீர் ஊற்றினால் அது கரைந்து வேருக்கே இறங்கும். பின்பு சாடியைக் கிணற்றடிக்கோ குளியலறைக்கோ கொண்டுபோய், சேமித்த மழைநீரையோ குழாய்நீரையோ மெல்ல ஊற்றி, அடியால் வடிந்து முடியும்வரை காத்திருந்து மீண்டும் ஊற்றுங்கள். சாடியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நீர் வேண்டும். அதாவது 2 லீற்றர் சாடிக்கு 4 லீற்றர். முதலில் தேநீர் நிறத்தில் வடியும் நீர் போகப்போகத் தெளியும். வடிந்த நீரில் சாடியை நிற்க விடக்கூடாது. கோடையில் இதை இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு தடவை செய்தால் நல்லது. கருகிய நுனி மீண்டும் பச்சையாகாது. புதிதாக விரியும் இலையைப் பார்த்தே பலனை மதிப்பிட வேண்டும்.

மண்ணின் ஈரத்தை அளக்க விற்கப்படும் மலிவான ஊசிக் கருவிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றுட் பல மின்கடத்தும் தன்மையை வைத்தே ஈரத்தைக் கணிப்பதால், உப்பேறிய மண்ணை உள்ளதைவிட ஈரமாகக் காட்டும். ஓர் ஈர்க்கை அடிவரை குத்தி எடுத்துப் பாருங்கள். தூள் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்குத் தண்ணீர் தேவையில்லை. மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் மேற்கு யன்னலோரச் சாடிகள் ஓரிரு நாளிலேயே காய்ந்துவிடும்; அவற்றை உள்ளே தள்ளி வையுங்கள். மார்கழி மழையில் அதே சாடி ஒரு வாரத்துக்கு மேலும் ஈரமாக இருக்கும். அப்போது வழக்கப்படி ஊற்றினால் வேர் அழுகும்.

உரமும் ஒருவகை உப்புத்தான். பொதியில் எழுதியிருப்பதில் பாதியளவே போதும்; கழுவிய பின் புதிய இலை வரும்வரை அதுவும் வேண்டாம்.

சேர்க்கை: கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றினால் சரிவருமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். வராது, நீர் ஆவியாகக் குறையுமேயன்றி உப்புக் குறையாது, ஆகவே மிஞ்சும் நீர் முன்னையதைவிடச் செறிவாகும். குழாய்நீரை இரவு முழுவதும் திறந்து வைத்தால் குளோரின் அகலும், உப்பு அகலாது. ஆர்.ஓ. முறையில், அதாவது நுண்சவ்வினூடாக அழுத்தி உப்பை நீக்கி, சுத்திகரித்த நீரைத் தாராளமாகப் பாவிக்கலாம்.

இன்னொருவர் சாடித் தட்டில் நுளம்புக் குடம்பிகளைக் கண்டதாக எழுதியிருந்தார். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து வெளியேறிப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரமே போதும் என்பதால், தட்டை வாரம் ஒருமுறையாவது வெறுமையாக்க வேண்டும். முட்டைகள் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு ஈரமின்றியும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே நீரைக் கொட்டுவதோடு நில்லாமல், தும்புப் பொச்சால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். போத்தல் நீரில் மணிப் பிளாண்ட் வளர்ப்பவர்கள் நீரை மாற்றும்போது போத்தலின் உட்புறத்தையும் தேய்த்து, வாயைப் பஞ்சால் அடைத்துவிட வேண்டும்.