பழுக்கும்போது கறுக்கும் மாம்பழம்: என் அனுபவம்

கிருஷ்ணகிரியில் உள்ள எங்கள் தோட்டத்தில் பறிக்கும்போது பழுதின்றித் தெரிந்த அல்போன்சாக் காய்கள், பழுக்க வைத்ததும் தோலில் கரும்புள்ளிகள் விழுந்து அழுகின. இதற்குக் காரணமான கொலட்டோட்ரைக்கம் என்னும் பூஞ்சை, காய் மரத்தில் இருக்கும்போதே தோலுக்குள் புகுந்து, பழுக்கும் வரை உறங்கிக் கிடப்பதால், பழக்கூடைகளைக் கழுவிச் சுத்தமாக வைப்பது மட்டும் போதவில்லை. எனவே சிறிது காம்போடு பறித்த காய்களை, அன்றே காம்பு நறுக்கிப் பால் வடியவிட்டு, 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 10 நிமிடம் மூழ்கவைத்து, குளிர்ந்த நீரில் ஆற்றி, ஈரம் நன்றாக உலர்ந்த பிறகே அடுக்கினேன். கையை விட்டுச் சூடு பார்க்கும் பழக்கம் இங்கே உதவாது, வெப்பமானி கட்டாயம் வேண்டும். சூடு கூடினால் தோல் வெந்துவிடும், குறைந்தால் பூஞ்சை பிழைத்துக்கொள்ளும். அழுகல் பெருமளவு குறைந்தது. பூஞ்சை தங்கும் காய்ந்த கிளைகளை அறுவடைக்குப் பின் கவாத்து செய்து அகற்றுவதையும் இப்போது சேர்த்துக்கொண்டுள்ளேன்.