22 கிலோஹெர்ட்ஸில் அறுந்த சீழ்க்கை

தூத்துக்குடிக் கடலில் பதிந்த டால்பின் சீழ்க்கைகள் ஸ்பெக்ட்ரோகிராமில் (ஒலியின் அதிர்வெண் நேரத்தோடு ஏறி இறங்குவதைக் காட்டும் படம்) 22 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறி, காணாமல் போய், மறுபடி தோன்றி இறங்கின. ஒரே சீழ்க்கையை இரண்டாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஹைட்ரோபோன் (நீருக்கடியில் ஒலி பிடிக்கும் மைக்) கேபிளை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன், படகு இன்ஜினை அணைத்தும் பார்த்தேன். நாலு நாள் வீண்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது: எல்லாமே ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல ஒரே உயரத்தில் அறுந்திருந்தன. அதற்கு மேலே வெறும் கறுப்பு. இரைச்சலே இல்லாத கடல் ஏது?

ரெக்கார்டர் 96 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில், அதாவது ஒலியை வினாடிக்கு 96,000 முறை அளந்து, சரியாகத்தான் பதிந்திருந்தது. கோப்புகளைத் துண்டு போட்ட மென்பொருள்தான், சேமிக்கும்போது சத்தமில்லாமல் அதை 44.1 ஆக்கியிருந்தது. அந்த வீதத்தில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண் எதுவும் கோப்பில் நிற்காது. மெமரி கார்டிலிருந்த மூலக் கோப்புகளை 96-லேயே வைத்து வெட்டினேன். வளைவு முழுசாக வந்தது. உச்சி 25-ஐத் தொட்டது. பழைய எண்ணிக்கையை அழித்துவிட்டேன்.