மறைப்புப் புல் முளைக்காததற்குக் காரணம் மண்ணுக்குள் இருந்த வெற்றிடம்

வேட்டை நிலத்தில் பரணுக்குப் போகும் பாதையில் நான் நடந்தாலே மான்கள் கண்டு விலகிவிடுவதால், பாதையோரம் மறைப்பாக மிஸ்காந்தஸ் ஜைஜான்டியஸ் என்னும் உயரப் புல்லை நட்டேன். மூன்று மீட்டருக்கு மேல் வளரும் இந்தப் புல்லில் முளைக்கும் விதை உண்டாவதில்லை. கிழங்குத் துண்டுகளைத்தான் நட வேண்டும்.

ஆறு வாரம் கழித்தும் நாற்பதில் பதினொன்றுதான் முளைத்திருந்தன. தினமும் தண்ணீர் ஊற்றினேன், பயனில்லை. உரமிட்டேன், களைதான் செழித்தது. எலி தின்றிருக்குமோ என்று தோண்டிப் பார்த்தால், துண்டுகள் கடித்த தடமின்றி அப்படியே கிடந்தன.

முளைத்தவை அனைத்தும் டிராக்டர் சக்கரம் ஏறிய தடத்திலேயே இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். அங்கே மண் இறுகிக் கிழங்கோடு ஒட்டியிருந்தது. மற்ற இடங்களில் பெரிய மண்கட்டிகளுக்கு நடுவே கிழங்கு அந்தரத்தில் கிடந்து, மொட்டுகள் சுருங்கிப் பழுப்பேறியிருந்தன. ஊற்றிய தண்ணீரும் இடுக்குகள் வழியே இறங்கிப் போயிருக்கிறது.

மொட்டு உயிரோடிருந்த புதிய துண்டுகளை ஓரிரவு நீரில் ஊறவைத்து, பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் படுக்கையாக வைத்து, பொடித்த மண்ணால் மூடி, குதிகாலால் அழுத்தி மிதித்தேன். இருபதாம் நாள் ஊசிபோன்ற சிவந்த முளைகள் வரிசையாகத் தலைகாட்டியபோது பெரும் நிம்மதி. முழு உயரத்துக்கு மூன்றாம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். அதுவரை களையெடுப்பதில் கவனமாக இருக்கிறேன்.