நீர்நிலைக் கரையில் முதல் காலை: பறவை பார்க்கப் புதிதாகப் போகிறவர்களுக்கு

நீர்த்தேக்கத்துக்கோ சதுப்பு நிலத்துக்கோ போய்ப் பறவை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த கேமரா வாங்கலாம்?" என்றுதான். கேமரா அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் தண்ணீரைப் பார்க்கப் பழகுங்கள். எங்கே எவ்வளவு ஆழம் என்று பிடிபட்டுவிட்டால், எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதில் பாதி தெரிந்த மாதிரி.

படி 1: அந்த இடம் எதற்காக இருக்கிறது என்று விசாரியுங்கள்

குடிநீர், பாசனம், வெள்ளத் தடுப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று ஏதோ ஒரு வேலைக்காகத்தான் இப்படிப்பட்ட பல இடங்களில் தண்ணீரைத் தேக்கினார்கள். பறவைகள் தாமாக வந்து சேர்ந்தன. மெல்போர்ன் அருகே வெர்ரிபீயில் இருப்பது நகரத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். அதுவே ராம்சார் ஒப்பந்தப் (ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கை) பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலமும்கூட. அங்கே பறவை பார்க்க முன் அனுமதி வாங்க வேண்டும். லண்டனில் பழைய குடிநீர்த் தேக்கங்கள் இருந்த இடத்தை ஈரநிலமாக மாற்றி 2000-இல் மக்களுக்குத் திறந்தார்கள்.

ஆகவே கிளம்பும் முன், திறக்கும் நேரம், எந்தக் கரையில் நடக்கலாம், அனுமதிச்சீட்டு வேண்டுமா என்பதையெல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள். சில நாடுகளில் பொது ஈரநிலங்களில் குறிப்பிட்ட நாட்களில் வாத்து வேட்டைக்கு அனுமதி உண்டு. அப்படிப்பட்ட நாளில் அங்கே போகாமல் இருப்பதே நல்லது.

படி 2: நேரமும் திசையும்

விடிந்து முதல் இரண்டு மணி நேரம் போதும். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். வெயில் உங்கள் முதுகில் விழும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புத்தான். மாலையில் இதை அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 3: பத்து நிமிடம் தண்ணீரை மட்டும் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கரையில் உட்கார்ந்து, கண்ணை விளிம்பிலிருந்து நடுத் தண்ணீருக்கு மெதுவாக நகர்த்துங்கள்.

முதலில் ஈரச் சேறு. உள்ளான்கள் எனப்படும் சின்னக் கரைப்பறவைகள் அங்கேதான் குடுகுடுவென்று ஓடி ஓடிக் கொத்தும். சேற்று நிறமே அவற்றின் முதுகு நிறமும் என்பதால், ஒன்று அசையும்வரை அங்கே எதுவும் இல்லாதது போலவே இருக்கும். அசைந்ததும் பார்த்தால் இருபது நிற்கும். அடுத்து ஆழமில்லாத தண்ணீர். நெடுங்கால் உள்ளானைத் தேடுங்கள்: கறுப்பு இறக்கை, வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்புக் குச்சிக் கால். ஒவ்வொரு அடிக்கும் காலைத் தண்ணீரிலிருந்து முழுசாக வெளியே எடுத்து, பின்பக்கம் மடக்கி, சத்தமில்லாமல் மறுபடி இறக்கும். கால் மடிகிற மூட்டைத் தண்ணீர் தொட்டால் அங்கே நாலைந்து அங்குல ஆழம் என்று கணக்கு. எனக்கு இன்றைக்கும் அதுதான் அளவுகோல்.

அதைத் தாண்டினால் தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலைத் தூக்கி மேயும் வாத்துகள். இன்னும் உள்ளே முக்குளிப்பானும் நீர்க்காகமும். நீர்க்காகத்தின் இறகு நனைந்துவிடும். அதனால்தான் கட்டையில் ஏறி இறக்கையை விரித்துக் காயவைக்கிறது. நாணல் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோழி தெரிந்தால் நெற்றியைப் பாருங்கள். வெள்ளை நாமம் இருந்தால் நாமக்கோழி, சிவப்பு இருந்தால் தாழைக்கோழி.

நீர்மட்டம் மாறினால் இந்த வரிசையே மாறிவிடும். மதகைத் திறந்து தண்ணீர் வடியும்போது புதுச் சேறு வெளியே வரும், உள்ளான்கள் குவியும். தேக்கம் நிரம்பினால் அவை வேறிடம் தேடிப் போய்விடும், வாத்துகள் பரவும். போன வாரம் நிறைந்திருந்த இடம் இந்த வாரம் வெறிச்சோடிக் கிடந்தால், முதலில் மதகோரத்து அளவுகோலைப் பாருங்கள்.

படி 4: பைனாகுலரைச் சரிசெய்தல்

8x42 என்று போட்டிருப்பது தொடக்கத்துக்குப் போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். வலது கண்ணை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தைத் திருகி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது பக்க வளையத்தை மட்டும் திருகுங்கள். பறவையைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைத் தேட வேண்டாம். பார்வையைப் பறவை மேலேயே வைத்து, பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள்.

படி 5: எங்கே நிற்பது என்று பறவையைக் கேளுங்கள்

இத்தனை மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்று ஒரே கணக்குச் சொல்ல முடியாது. மேய்ந்துகொண்டிருந்த பறவை தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால், அதுவே எல்லை. நில்லுங்கள். மறுபடி மேய ஆரம்பிக்காவிட்டால் நாலடி பின்னால் வாருங்கள். வலசை வந்த பறவைக்கு ஒவ்வொரு வாய் இரையும் திரும்பிப் போகும் பயணத்துக்கான சேமிப்பு. நாம் ஒருமுறை எழுப்பிவிட்டால் அதற்கு நிஜமாகவே நஷ்டம்.

ஆட்காட்டிப் பறவை தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தினால், பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வந்த வழியே, தரையைப் பார்த்துத் திரும்புங்கள். கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கவே கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் கிடையாது.

படி 6: உங்கள் பாதுகாப்பு

மதகுக்கும், மிகுந்த நீர் வழிந்தோடும் கலிங்குக்கும் அருகே தண்ணீரில் இறங்காதீர்கள். மேலே அசையாமல் தெரிந்தாலும் அடியில் இழுக்கும், முன்னறிவிப்பில்லாமலும் திறக்கலாம். முதலை வாழும் பகுதியானால் விளிம்பில் உட்காரவே வேண்டாம். பச்சை பெயின்ட் கொட்டினாற்போல் பாசி படர்ந்த தண்ணீரைக் கையால்கூடத் தொடாதீர்கள். நாயைக் கூட்டிவந்திருந்தால் குடிக்க விடாதீர்கள்.

படி 7: எழுதுங்கள், அப்புறம் செருப்பைக் கழுவுங்கள்

தேதி, நேரம், நீர்மட்டம், என்ன பறவை, எத்தனை என்று எழுதிவையுங்கள். பெயர் தெரியாததை நிறம், அலகு, கால் என்று குறித்தால் போதும். பறவை பார்ப்பவர்களின் பதிவுகளைச் சேர்த்துவைக்க 2002-இல் தொடங்கிய இபேர்டு (eBird) இணையதளத்தில் பட்டியலைப் பதிந்தால் ஆய்வாளர்களுக்கும் உதவும்.

கிளம்பும் முன் செருப்பு, பூட்ஸ் அடியில் ஒட்டிய சேற்றை அங்கேயே தட்டிவிட்டு, வீட்டில் கழுவி நன்றாகக் காயவையுங்கள். ஆக்கிரமிப்புச் செடியின் சிறு துண்டோ விதையோ அந்தச் சேற்றோடு அடுத்த ஏரிக்குப் போய்விடும். ஈரத்தோடு இன்னொரு நீர்நிலைக்குக் கிளம்பாதீர்கள்.