சர்க்கரைப் புண்ணைப் படமெடுப்பது எப்படி? புதிய செவிலியர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும்

சர்க்கரை நோயாளியின் பாதப் புண் ஆறுகிறதா என்பதை, வாரந்தோறும் எடுத்த படங்களை அருகருகே வைத்துப் பார்த்துத்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறோம். ஆகவே ஒவ்வொரு வாரமும் ஒரே முறையில் எடுக்க வேண்டும்.

முதல் படி, ஒப்புதல். சிகிச்சைப் பதிவு, வகுப்பில் காட்டுதல், இதழில் வெளியிடுதல் ஆகிய மூன்றையும் தனித்தனியே கேட்டுத் தமிழ்ப் படிவத்தில் கையொப்பம் பெறுங்கள். "இது ஃபோன்ல யாருக்கும் போயிடாதே?" என்று என்னிடம் கேட்ட பாட்டி, முதலாவதற்கு மட்டுமே சம்மதித்தார். அடையாளம் தெரியாவிட்டால் படத்தை வெளியிட ஒப்புதல் தேவையில்லை என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகள் (7.17) கூறினாலும், அடையாளம் எதில் ஒளிந்திருக்கும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியாது என்பதால், கேட்டுவிடுவதே முறை என்பது என் கருத்து.

இரண்டாவது, புண்ணைக் கழுவித் துடைத்து, காலின் கீழ் பச்சைத் துணியை விரித்து, காகித அளவுகோலை ஒட்டுங்கள். அதில் தேதியையும் நோயாளி எண்ணையும் எழுதினால் போதும், பெயர் வேண்டாம். அளவுகோல் புண்ணின் மட்டத்திலேயே இருக்க வேண்டும். நான் ஒருமுறை அதைப் படுக்கையில் வைத்துவிட்டேன். கேமராவுக்குப் புண் அருகிலும் அளவுகோல் தொலைவிலும் இருந்ததால், ஆறிவந்த புண் வளர்ந்துவிட்டதுபோல் படத்தில் தெரிந்தது.

மூன்றாவது, ஃபோனைப் புண்ணுக்கு நேர் எதிரே, சுமார் அரை மீட்டர் தள்ளிப் பிடித்து, இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். மிக நெருங்கினால் வடிவம் புடைத்துத் தெரியும். ஈரமான புண்ணில் ஃபிளாஷ் வெண்புள்ளியாகப் பளிச்சிடும் என்பதால் ஜன்னல் வெளிச்சமே நல்லது. தோலை மெருகேற்றும் ஃபில்டர் இயங்கினால் புண்ணைச் சுற்றியுள்ள சிவப்பே மறைந்துபோகும், அதை அணைத்துவிடுங்கள். முழுப் பாதம் ஒன்று, அண்மைக் காட்சி ஒன்று என இரண்டு படங்கள் போதும்.

நான்காவது, கேமராவின் இருப்பிடப் பதிவை முன்பே நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்தின் நுணுக்கம் குறையும். பெறுபவரின் கேலரியிலும் மேகச் (கிளவுட்) சேமிப்பிலும் அது தங்கிவிடக்கூடும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய படங்களையும் தழுவுவது. மருத்துவமனைப் பதிவில் ஏற்றியதும், 'அண்மையில் நீக்கியவை' கோப்புறை உட்பட ஃபோனிலிருந்து அழித்துவிடுங்கள்.

வகுப்பில் காட்டும்போது கண்ணுக்குக் கறுப்புப் பட்டை போடுவதோடு நிறுத்தாதீர்கள். மெட்டியும் பச்சைக் குத்தும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். பவர்பாயிண்டில் ஓரத்தை வெட்டினாலும், வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே இருக்கும். வேறு மென்பொருளில் வெட்டிச் சேமித்த படத்தையே அதில் ஒட்டுங்கள்.