சர்க்கரை இல்லாத கெட்டித்தயிர் சாலட் டிரெஸ்ஸிங்

கடை மயோனைஸ் பாட்டிலைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் படித்துப் பாருங்கள், பலவற்றில் சர்க்கரை இருக்கும். அதற்குப் பதில் வீட்டிலேயே இதைச் செய்யலாம்: ஒரு கப் புளிக்காத தயிரைப் பருத்தித் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, ஃபிரிட்ஜுக்குள்ளேயே இரண்டு மணி நேரம் வடிய விடுங்கள். மதுரை வெயிலுக்கு வெளியே தொங்கவிட்டால் சீக்கிரம் புளித்துவிடும், அப்புறம் அந்தப் புளிப்பை அடக்கத்தான் சர்க்கரையைத் தேடுவோம். வெந்நீரில் அரை மணி நேரம் ஊறிய 10 முந்திரி, ஒரு பல் பூண்டு, மிளகு, உப்பு சேர்த்து மையாக அரையுங்கள். லேசான இனிப்பும் க்ரீம் பதமும் முந்திரியால்தான் வருகிறது, அதைக் குறைக்காதீர்கள். தயிரை மிக்ஸியில் போட்டால் நீர்த்துவிடும், அதனால் அரைத்த விழுதோடு கரண்டியால் கலந்து, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விடுங்கள். சரி, தயிரில் இயல்பாகவே பால் சர்க்கரை உண்டு, சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவாக ஊற்றிக்கொள்ளுங்கள். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் வாங்கிய வெள்ளரிப்பிஞ்சை நறுக்கி, சாப்பிடும் நேரத்தில் கலந்தால் போதும்.